பகுத்துண்டால் மட்டும் போதுமா?

திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தில், அறங்களுள் முதன்மையானதாக வள்ளுவர் இரண்டு செயல்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார். ஒன்று, இருப்பதைப் பிற உயிர்களோடு பகிர்ந்து உண்பது. மற்றொன்று, அவ்வுயிர்களைப் பேணிக் காப்பது. உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் இவ்விரண்டையும் ஒரே செயலாகவே பெரும்பாலும் விளக்கிவிடுகின்றனர். பகிர்ந்து கொடுத்துவிட்டால் காப்பாற்றியதாகிவிடும் என்பது அந்த விளக்கத்தின் உட்பொருள். அப்படியல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பகுத்தல் வேறு, ஓம்புதல் வேறு. முன்னதற்கு மனம் இருந்தால் போதும். பின்னதற்கு அறிவும் வேண்டும். மனம் இருந்து அறிவு இல்லாதபோது, பகுத்தலே ஓம்புதலுக்கு எதிராகத் திரும்பிவிடுவதுண்டு. நம் வீடுகளில் நாய்களுக்கு இடப்படும் உணவே இதற்கு எளிய சான்று.

நாய்க்கென்று தனியாகச் சமைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் அரிது. வீட்டார் உண்டு முடித்த பின் சட்டியில் எஞ்சும் சோறும் குழம்பும் கலந்து பின்வாசலில் வைக்கப்படும். இதில் இழிவு ஏதும் இல்லை. தான் உண்பதையே தன்னைச் சார்ந்த உயிரும் உண்ண வேண்டும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. ஆனால் ‘நான் உண்பது எனக்கு நல்லது, ஆகவே அதற்கும் நல்லது’ என்னும் முடிவு அந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த முடிவில்தான் பிழை இருக்கிறது.

நம் இலக்கியத்தில் நாய்க்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர் சொல்லி, அதைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளோடு ஒரே வரிசையில் வைக்கிறார். சங்கப் பாடல்களில் வேட்டுவரின் பின்னே நாய்கள் ஓடுகின்றன. நாலடியார் நட்பை ஆராயும்போது, யானையின் பெருமையை ஒதுக்கிவிட்டு நாயின் பற்றையே உயர்த்திப் பேசுகிறது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகச் சொல்லிச் சொல்லி உருகுகிறார். மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், உடன் வந்த நாயை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் வேண்டாம் என்கிறான் தருமன். நன்றிக்கும் தாழ்மைக்கும் இழிவுக்கும் நமக்கு நாய் உவமையாகியிருக்கிறது. உவமையாகிவிட்ட விலங்கின் உடலைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. அதற்கும் குடல் உண்டு, ஈரல் உண்டு, சிறுநீரகம் உண்டு, அவை நம்முடையவை போல வேலை செய்பவை அல்ல என்பது உவமையில் இடம்பெறாத செய்தி.

நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது என்றொரு பழமொழி உண்டு. தகுதியற்றவனுக்கு உயர்ந்தது ஒத்துவராது என்ற பொருளில் வசையாகவே அதைப் பயன்படுத்துகிறோம். வசையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதில் ஓர் உண்மை கிடக்கிறது. பழக்கமில்லாத மிகுந்த கொழுப்பு ஒரே வேளையில் உள்ளே போனால், சில நாய்களுக்குக் கணையம் அழற்சியுற்றுக் கடும் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் ஏற்படும். உயிர்போகும் நிலையும் உண்டு. யாரோ ஒரு பாட்டி தன் வீட்டு நாயைக் கவனித்துக் கண்டறிந்ததாக இருக்கக்கூடிய இந்தச் செய்தியை, நாம் சாதித் திமிருக்கும் ஏளனத்துக்கும் செலவழித்துவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். முதலில் வெங்காயம். நம் சமையலின் அடித்தளமே அதுதான். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தவை. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து, சிவப்பணுவின் ஓரத்தில் சிறு கட்டியாகத் திரள்கிறது. பழுதுபட்ட அணுக்களை உடலே அழித்துவிட, நாய்க்கு இரத்தசோகை உண்டாகிறது. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. வெங்காயம் உண்ட நாய்களுக்கு இரத்தசோகை வருவது 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆய்ந்து வெளியிடப்பட்டது.

ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உண்ட நாய்களின் இரத்தத்தில் கவலைக்குரிய மாற்றங்கள் காணப்பட்டிருக்கின்றன. அதாவது 10 கிலோ எடையுள்ள நாய்க்கு இரண்டு நடுத்தர வெங்காயம். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒன்றே போதும். ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்பதும் இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக உண்டாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். வதக்கினாலோ வேகவைத்தாலோ நஞ்சு நீங்குவதில்லை. பூண்டு இன்னும் செறிவானது. ஆபத்து என்னவென்றால், உண்ட அன்று எதுவும் தெரியாது. சில நாட்கள் கழித்தே நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் செந்நிறமாகப் போகும். அதற்குள் வெங்காயத்தை வீட்டார் மறந்திருப்பார்கள். வெயில் தாக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே நாட்கள் கடந்துவிடுவதால்தான் தலைமுறை தலைமுறையாக இது நம் அனுபவ அறிவில் ஏறவில்லை.

அடுத்தது திராட்சை. பச்சைத் திராட்சையும் உலர்ந்ததும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. ஆனால் எல்லா நாய்களுக்கும் அப்படி ஆவதில்லை. ஒரு நாய் குலை குலையாகத் தின்றும் ஓடியாடித் திரியும். இன்னொன்று ஒரு பிடி உலர்திராட்சையில் வீழ்ந்துவிடும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 3 கிராம் உலர்திராட்சையிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இருபது ஆண்டுகள் இந்தப் புதிர் அவிழாமலேயே இருந்தது. 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் நச்சியல் மருத்துவர்கள் சிலர் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவுருண்டையைத் தின்ற ஒரு நாய்க்கும் இதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. அந்த மாவில் கலந்திருந்த பொருள் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் இருப்பது டார்டாரிக் அமிலமே. இரகத்துக்கு இரகம், பழுத்த நிலைக்கு ஏற்ப, அதன் அளவு மாறுகிறது. ஒரு நாய் பிழைப்பதும் மற்றொன்று மடிவதும் இதனால் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நாயின் சிறுநீரக அணுக்கள் இவ்வமிலத்தை வெளியேற்ற இயலாமல் தமக்குள்ளேயே தேக்கிக்கொள்கின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். டார்டாரிக் அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் ஒவ்வொருவர் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அது புளி. திராட்சையில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகமாக இந்த அமிலம் புளியில் இருக்கிறது. மேற்சொன்ன விளக்கத்தைத் தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், புளியைத் தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் இடம்பெற்றுள்ளன. குழம்பில் கரைந்திருக்கும் புளிக்கும், உருண்டையாகத் தின்ற புளிக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. சாம்பார்ச் சோறு உண்ட நாய்கள் எல்லாம் மடிந்துவிடவில்லை என்பதும் கண்கூடு. எனினும் சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, மிளகாய் எல்லாம் ஒரே கலத்தில் சேரும் ஒரு பண்டத்தை ஒரு விலங்கின் அன்றாட உணவாக வைத்துக்கொண்டு, ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பதை மட்டும் காப்புறுதியாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் ஒரு சிறிய பொமரேனியன் நாயே அவருக்குத் துணை. ஒரு பொங்கலுக்கு மறுநாள், பாயசத்துக்கு வாங்கி மிஞ்சிய உலர்திராட்சையை அது விரும்பித் தின்கிறது என்று கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்திருக்கிறார். அன்றிரவே வாந்தி. இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் நின்றுவிட்டது. ஆட்டோவில் வைத்து மருத்துவரிடம் கொண்டு சென்றபோது உடன் சென்றவர்களில் நானும் ஒருவன். “ஐயா, ரெண்டு நாளா என்ன சாப்பிட்டுச்சு?” என்று மருத்துவர் கேட்டார். “நான் சாப்பிடறதுதான் டாக்டர். அதுக்குன்னு கண்டதெல்லாம் வாங்கிக் குடுக்கறதில்ல” என்றார் பெரியவர். அந்த விடையில் ஒரு பெருமிதம் இருந்தது. திராட்சையைப் பற்றிக் குடைந்து கேட்டபின்தான் சொன்னார். ஐந்தாம் நாள் நாய் இறந்தது. “நல்லதுன்னுதானே குடுத்தேன் தம்பி” என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். அவர் சொன்னது முழு உண்மை. இரத்தம் ஊறும் என்று நாம் குழந்தைகளுக்குக் கொடுப்பதை அவர் தம் குழந்தைக்குக் கொடுத்தார். அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. இந்த ஒரு செய்தியை அவர் படிக்கும் மொழியில், அவர் கண்ணில் படும் இடத்தில், யாரும் எழுதி வைக்கவில்லை.

சாக்லேட்டைப் பற்றி ஓரளவு பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கொக்கோ மரத்துக்கு லின்னேயஸ் 1753இல் சூட்டிய கிரேக்கப் பெயருக்குத் தெய்வங்களின் உணவு என்று பொருள். அப்பெயரிலிருந்து பிறந்த தியோபுரோமின் என்னும் பொருளே நாய்க்கு நஞ்சாகிறது. நாயின் உடலில் இது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. இரத்தத்தில் தங்கித் தங்கி இதயத்தையும் நரம்புகளையும் அலைக்கழிக்கிறது. கணக்கு எளிது. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் தியோபுரோமின் உண்டு. கருஞ்சாக்லேட்டில் 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 40, 50 என்று ஏறும்போது இதயத் துடிப்பு தடம் மாறும். 60இல் வலிப்பு வரும். ஆகவே 10 கிலோ நாய் 100 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றால் ஓர் இரவு அவதிப்படலாம். அதே அளவு கருஞ்சாக்லேட்டைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ‘எங்கள் நாய் சாக்லேட் தின்றது, ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்களும் ‘ஒரு துண்டிலேயே செத்துவிடும்’ என்று பதறுபவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்களே.

இவை எல்லாவற்றையும்விட அண்மைக் காலத்தில் நம் வீட்டுக்குள் நுழைந்தது சைலிட்டால் என்னும் இனிப்பு. நீரிழிவு பெருகிய நம் ஊரில் ‘சர்க்கரை இல்லாதது’ என்று எழுதிய பொட்டலங்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. சூயிங்கம், மிட்டாய், பற்பசை, சில வகை நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் சேர்க்கப்படுவதுண்டு. மனித உடலில் இது இன்சுலினைத் தூண்டுவதில்லை. நாயின் கணையமோ இதைச் சர்க்கரை என்றே நம்பி இன்சுலினை வெள்ளமாகச் சுரந்துவிடுகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். அதைவிட ஐந்து மடங்கானால் ஈரலும் பாழாகும். சர்க்கரை நோயாளியான தாத்தாவுக்கு நன்மை செய்வது அவர் காலடியில் கிடக்கும் நாயைக் கொல்லும். ஒரே கூரையின் கீழ் இருவேறு உடல்கள் வாழ்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரியாணி எலும்பைப் பற்றியும் ஒரு சொல். வேகவைத்த கோழி எலும்பு காய்ந்து ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். நாய்க்கு எலும்பு என்பது நம் படப்புத்தகங்கள் தந்த சித்திரம். மசாலாவில் வெந்த எலும்பு அந்தச் சித்திரத்தில் இல்லை. எங்கள் கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பின் வளாக நாய்களுக்கு மாணவர்கள் தட்டு தட்டாக அள்ளி வைப்பார்கள். திங்கட்கிழமை காலை அந்நாய்கள் மரநிழலில் சுருண்டு கிடப்பதை நாங்கள் உண்ட மயக்கம் என்று எண்ணியே கடந்து செல்வது வழக்கம்.

இந்த அறியாமைக்கு ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. அஞ்ச வேண்டாதவற்றுக்கு நாம் அஞ்சுகிறோம். இனிப்புக் கொடுத்தால் நாய்க்குச் சொறி பிடிக்கும் என்று சொல்லாத ஊர் இல்லை. சொறி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பூச்சிகளால் வருவது. இனிப்பு மிகுந்தால் பல்லும் எடையும் கெடும், அது வேறு. இன்னொரு பக்கம், பூண்டு கொடுத்தால் வயிற்றுப் புழு சாகும், உண்ணி ஒட்டாது என்று வைத்தியம் சொல்வோரும் இருக்கிறார்கள். ஒரு வெல்லக்கட்டிக்கு அஞ்சிவிட்டு, நாள்தோறும் பூண்டை நசுக்கி ஊட்டுகிற விசித்திரம் இது. மரபறிவு என்று எதையும் முழுதாக ஏற்பதும், மூடநம்பிக்கை என்று எதையும் முழுதாகத் தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். நண்பர்கள் சிலர் நேரிலேயே சொன்னவைதாம். முதலாவது, நம் முன்னோர் வளர்த்த நாய்கள் பழைய சோறும் குழம்பும் தின்று நன்றாகத்தானே வாழ்ந்தன என்பது. வாழ்ந்தவற்றை நாம் பார்த்தோம். மடிந்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து இறந்த கிராமத்து நாய்க்குப் ‘பாம்பு கடித்திருக்கும்’, ‘எவனோ மருந்து வைத்துவிட்டான்’ என்ற இரண்டு விளக்கங்களே கிடைத்தன. மேலும் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வெளியில் ஓடி வளர்ந்த பெரிய உடல்கள். அடுக்குமாடி வீட்டின் நான்கு கிலோ நாய்க்கு அதே பிடி குழம்பு பல மடங்கு கனமானது. அளவு என்பது உண்பவரின் எடையோடு சேர்ந்தது.

இந்த மறுப்பில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாய்க்குச் சோறே ஆகாது, இறைச்சி மட்டுமே ஆகும் என்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியன்று. 2013இல் நேச்சர் இதழில் வந்த சுவீடன் ஆய்வாளர்களின் கட்டுரை, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு படிகளே இருக்க, நாயில் அது பலமடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் பயிரிட்டு உண்ணத் தொடங்கியபின் அவன் எச்சிலை உண்டே நாயின் உடல் மாறியிருக்கிறது. ஆகவே நம் பாட்டி வைத்த சோற்றுக்கு அறிவியலின் ஒப்புதல் உண்டு. ஆனால் அந்த உடன்வாழ்வு செரிமானத்தில் ஒரு பகுதியை மட்டுமே மாற்றியது. வெங்காயத்தையும் திராட்சையையும் தாங்கும் வலிமையை அது தரவில்லை. சோற்றை வைக்கலாம், குழம்பை ஊற்ற வேண்டாம் என்பதே இதன் சாரம்.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் நாய் உணவு விற்கும் நிறுவனங்கள் கிளப்பும் அச்சம் என்பது. அந்நிறுவனங்களுக்கு விற்பனை நோக்கம் இருப்பது உண்மை. பொட்டலத் தீவனத்தை வாங்கினால்தான் நாய் வாழும் என்று நான் சொல்லவும் இல்லை. உப்பும் காரமும் இல்லாமல் குழைய வடித்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, கேரட், பூசணி இவை எல்லாம் நம் அடுப்படியிலேயே உண்டு. குழம்பு தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். அறிவுரை மேற்கிலிருந்து வருகிறதா கிழக்கிலிருந்து வருகிறதா என்பதைச் சிவப்பணு பார்ப்பதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. மனிதருக்கே சோறு இல்லாத நாட்டில் நாயின் உணவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் நான் யாரிடமும் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்லவில்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவரிடம், கொடுப்பதில் நான்கு பொருள்களை விலக்குங்கள் என்கிறேன். விலக்குவதற்குப் பணம் வேண்டாம். உலர்திராட்சையைக் கொடுக்காமல் இருக்க அந்தப் பெரியவருக்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

உண்மையான தடை மொழியில் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எங்கும் கிடைப்பது. தமிழில் அது அங்கொன்றும் இங்கொன்றுமாக, வார இதழின் துணுக்காகவே தென்படுகிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989இல் தமிழகத்தில்தான் அமைந்தது. இத்தனை நீண்ட கல்வி மரபு இருந்தும், ‘உலர்திராட்சை கொடுக்காதீர்’ என்ற இரண்டு சொற்கள் ஒரு தெருவின் பின்வாசலை எட்டவில்லை. பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சைலிட்டால் என்ற சொல்லைத் தேடிப் படிக்க எத்தனை பேரால் இயலும்? கலைச்சொல்லுக்குத் தமிழ் காண்பதில் நாம் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கை, அன்றாட எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுவதில் காட்டியிருக்கலாம். ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும், நாய்க்குட்டி விற்கும் ஒவ்வொரு கடையிலும், வெங்காயம், பூண்டு, திராட்சை, புளி, சாக்லேட், சைலிட்டால், மசாலா எலும்பு என்ற ஏழு பெயர்கள் பெரிய தமிழ் எழுத்தில் தொங்க வேண்டும். இலக்கியம் பயின்ற நாம் இதை நம் வேலையன்று என்று ஒதுக்க வேண்டியதில்லை. தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய பணி இது.

தெருநாய்களுக்கு இது இன்னும் பொருந்தும். விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இல் வந்தபோதும், உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து அடுத்தடுத்து ஆணையிட்டபோதும், நாய்க்கு எங்கே உணவிடுவது என்பது பெரும் விவாதமாயிற்று. கடிபட்டவரின் அச்சமும் உணவிடுபவரின் பரிவும் மோதிக்கொண்டன. என்ன இடுவது என்ற பேச்சு அந்த இரைச்சலில் என் காதில் விழவே இல்லை. வீட்டு நாய்க்கு நோய் வந்தால் ஆட்டோ பிடிக்க ஒருவராவது இருக்கிறார். தெருநாய்க்கு அதுவும் இல்லை. திருமண மண்டப வாசலில் கொட்டப்படும் மிச்சத்தை உண்டு அது எங்கோ ஒரு வாகனத்தின் அடியில் போய்ப் படுத்துவிடும். உணவிட்டவர் நிறைவோடு உறங்குவார்.

நஞ்சு உள்ளே போய்விட்டால் செய்ய வேண்டியதும் சில சொற்களில் அடங்கும். உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. அந்த உப்பே மூளையைத் தாக்கும் இன்னொரு நஞ்சாகலாம். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு, பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் வயிற்றிலிருப்பதை அவரே வெளியேற்றிவிட முடியும்.

வள்ளுவர் மருந்து என்றொரு அதிகாரம் எழுதியிருக்கிறார். அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. உடலோடு மாறுபடாத உணவை, அளவறிந்து, முன்பு உண்டது செரித்தபின் உண்ண வேண்டும் என்பதே அதன் பெரும்பகுதி. நாம் அதை நம் உடலுக்கு மட்டும் சொன்னதாக வாசித்துவந்திருக்கிறோம். கொல்லாமை அதிகாரத்தையும் மருந்து அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் ஓம்புதல் என்ற சொல்லின் பொருள் நிறைவடைகிறது. பிறிதோர் உயிருக்கு உணவிடும்போது, நம் நாக்கை அளவுகோலாகக் கொள்ளாமல் அதன் உடலை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். இன்றிரவு சட்டியில் எஞ்சியதைப் பின்வாசலுக்கு எடுத்துச் செல்லும் முன், அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவதே அதன் முதல் படி.